இரும்புக் கடை செல்ஃப் மோட்டார்

முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. கரண்ட் எப்போ வேணா வரட்டும், நான் முடிக்கிற வரைக்கும் யாரும் செல்போன் லைட் அடிக்கக் கூடாது. அடிச்சா எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன். ஏய், நீ ஏன் இப்பவே போர்வைக்குள்ள பூந்துக்கற? நான் இன்னும் வாயே திறக்கல.

சாயங்காலம் ஆறு மணி. குவாரி ரோடு.

ஆமா, ஆறு மணிதான். பேய் பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு ஏதாவது ட்யூட்டி டைம் இருக்கா என்ன? சும்மா கேளுங்க. குவாரியை மூடி வருஷக்கணக்காச்சு. ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்ட பாறை, பள்ளத்துல பாசி பிடிச்ச தண்ணி. விளக்குக் கம்பம் வரிசையா நிக்குது... ஒண்ணுலயும் பல்பு இல்ல. அந்த ரோடு முடியற இடத்துல ஒரே ஒரு வீடு. என் கூட தையல் யூனிட்ல வேலை பாக்கறாளே ஒருத்தி, அவளோட சித்தப்பா வீடு. அவ பொய் சொல்ல மாட்டா. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் கற்பனை வேணும், அவளுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது.

சித்தப்பா கிட்ட ஒரு பழைய பிக்கப் வண்டி. அவர் பொண்ணுக்கும் அந்த வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஃபர்னிச்சர் கடைக்கு கட்டில், பீரோ, டைனிங் டேபிள் எல்லாம் அதுலதான் லோடு அடிக்கிறார். முன்னாடி ஒரே நீள சீட்டு... டிரைவர், நடுவுல ஒருத்தர், இடது ஓரத்துல ஒருத்தர். மூணு பேர் நெருக்கி உக்காரலாம். மனுஷனுக்கு மூக்கு நுனியில கோவம். ஆனா கைவேலையில கெட்டி. வண்டியை ஒரு மெக்கானிக்கைத் தொட விட மாட்டார். அவருக்குன்னு ஒரு சட்டம். ரிப்பேர் பாக்கும்போது ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும். சித்தி கிட்ட குழம்புல உப்பு பத்தலன்னாக்கூட இந்தச் சட்டத்தைத்தான் பேசுவார்.

அன்னைக்கு அந்த ஆறு மணிக்கு, குவாரி ரோட்டு நடுவுல வண்டி நின்னுடுச்சு. சாவியைத் திருப்பினா கர்ர்... கர்... அப்புறம் ஒண்ணுமே இல்ல. பானெட்டுக்கு அடியிலேர்ந்து புகை. செம்புக் கம்பி கருகற வாசனை வருமே, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி, அது. செல்ஃப் மோட்டார் போச்சு. அதான்ப்பா, இன்ஜினைச் சுத்தி உயிர் கொடுக்கிற மோட்டார். அது இல்லன்னா சாவி திருப்பறதும் ஒண்ணு, காதைத் திருகறதும் ஒண்ணு.

வண்டியில சித்தியும் பொண்ணும். பொண்ணு நிறைமாசம். மாப்பிள்ளை கப்பல்ல வேலை, எந்தக் கடல்ல இருக்கார்னு அவருக்கே தெரியாது. செக்கப்புக்குப் போயிட்டுத் திரும்பற வழி. ஆஸ்பத்திரிக்கு அங்கேர்ந்து கொஞ்ச தூரம் இல்ல, முழுசா ஒரு மணி நேர ஓட்டம்.

"நானும் தள்றேன்ப்பா"ன்னு பொண்ணு இறங்கப் பாத்தா. சித்தப்பா போட்டார் பாருங்க ஒரு சத்தம், பாறை எல்லாம் திருப்பிச் சொல்லிச்சு. கடைசியில சித்திதான் தள்ளினாங்க. இறக்கம் இருந்ததால உருண்டு, டப்புனு இன்ஜின் பிடிச்சுது. பிடிச்சதும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினா மறுபடி தள்ளணும். அதனால சித்தப்பா மெதுவா ஓட்டிட்டே போக, சித்தி பின்னாடியே ஓடி வந்து, திறந்து கிடக்கற இடது கதவு வழியா தொத்தி ஏறணும். ஓட்டை வண்டி வெச்சிருக்கற எல்லார் வீட்லயும் இதான் பழக்கம். சித்தி ஏறி உக்காந்து, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாங்க, "நாளைக்கே இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இவளுக்கு வலி எடுத்துச்சுன்னா நான் வண்டியைத் தள்ளுவேனா, இவளைப் பிடிப்பேனா?"

 சித்தப்பாவோட பயமும் அதேதான்.

மறுநாள் பார்ட்ஸ் கடை கடையா ஏறி இறங்கினார். "இந்த மாடலா? இன்னுமா ஓடுது?"ன்னு சிரிச்சாங்களாம். புது செல்ஃப் வெளியூர்லேர்ந்து வரணும், நாளாகும். வரும்போது வரட்டும்னு ஆர்டர் சொல்லிட்டு நேரா பழைய இரும்புக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரருக்கு 'ஒத்தக் கிளவுஸ்'னு பேர். எப்பவும் ஒரு கையில மட்டும் கிளவுஸ், இன்னொண்ணு எங்கன்னு கேட்டா கெட்ட வார்த்தை வரும். அவர் கிட்ட அதே மாடல் செல்ஃப் ஒண்ணு கிடந்தது. கையில எடுத்துப் பாத்த சித்தப்பாவுக்கு நம்பவே முடியல. பெயின்ட் கூட உரியல. முன்னாடி இருக்கற பல்சக்கரத்துல ஒரு கீறல் இல்ல.

"இது புதுசுய்யா!"

"அப்படித்தான் போல. மாட்டிப் பாரு. ஒத்து வரலன்னா கொண்டா"ன்னாரு ஒத்தக் கிளவுஸ். முகத்தைப் பாக்காமச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, வாசல்ல வண்டிக்கு அடியில படுத்து, மாட்டி முடிச்சார். ஏறி உக்காந்து சாவியைத் திருப்பினார். கிர்ர்... டம்! ஒரே சாவி. பச்சைக் குழந்தை மாதிரி சிரிச்சார் மனுஷன். "ஏய் வாங்க ரெண்டு பேரும்! ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!" அணைச்சுட்டு ஹாரன் அடிச்சார். பொண்ணு நடுவுல உக்காந்தா, சித்தி இடது ஓரத்துல. கதவைச் சாத்தினாங்க. சாவி.

டிக்.

மறுபடி.

டிக்.

அவ்வளவுதான். மோட்டார் சுத்தல. நாக்கைச் சொடக்கின மாதிரி ஒரு டிக், அதோட சரி.

"ரவுண்டு போயிட்டோமா?"ன்னு கேட்டாங்க சித்தி. சித்தப்பா முகத்துல எள்ளு போட்டா வெடிச்சிருக்கும்.

இங்கதான் அவருக்குச் சனியன் ஆரம்பிச்சுது. பேட்டரி முனை ரெண்டையும் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சார். டிக். பேட்டரியே வீக்கோன்னு பக்கத்து ஊர் டிராக்டர்லேர்ந்து பேட்டரி கடன் வாங்கிட்டு வந்து கட்டினார். டிக். டெஸ்ட் லேம்ப்பை மோட்டார் வரைக்கும் கொண்டு போய் வெச்சுப் பாத்தார்... லேம்ப் பளிச்சுனு எரியுது. அப்போ கரண்ட் வருது. வந்து என்ன, டிக்! சித்தி இறங்கி உள்ள போய், பொண்ணும் சேர் போட்டு உக்காந்ததுக்கு அப்புறம், கோவத்துல போற போக்குல திருப்பினார்... டம்னு ஸ்டார்ட் ஆச்சு. "வாங்க வாங்க வாங்க!"ன்னு கத்தினார். வந்து உக்காந்தாங்க. சரியா எடுக்குதான்னு பாக்க அணைச்சுட்டுத் திருப்பினார்.

டிக்.

செல்ஃபைக் கழட்டினார். தரையில போட்டு, கால்ல மிதிச்சுக்கிட்டு, நேரா பேட்டரி ஒயரை வெச்சார். அது துள்ளுது! செருப்புக் காலை உதறிட்டுப் போற வேகம். பல்சக்கரத்துப் பல்லை எண்ணினார், சரியா இருக்கு. மோட்டார் உக்கார்ற இடத்துல பெயின்ட் இருக்கறதால எர்த் சரியா வரலயோன்னு அதையும் சுரண்டினார். பளபளன்னு வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஆக்கி மாட்டினார். டிக். அடியில படுத்திருந்த மனுஷன் வாய்ல வந்ததை எல்லாம் நான் இங்க சொல்ல முடியாது, சின்னப் பசங்க இருக்காங்க. அந்த மோட்டாரைப் பெத்தவங்க, செஞ்சவங்க, வித்தவங்க, ஒருத்தர் பாக்கி இல்ல.

"அதுக்கு நம்மளைப் பிடிக்கலப்பா"ன்னு பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா.

"உனக்கு சிரிப்பா இருக்கு. எனக்குக் குலை நடுங்குது. ராத்திரியில வலி வந்தா இந்த டிக்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இப்படியே நாள் ஓடுது. சோறு இறங்கல. ஃபர்னிச்சர் கடைக்காரர் போன் போட்டா எடுக்கறதில்ல. பாதித் தூக்கத்துல எழுந்து போய் வண்டியில உக்காந்து சாவியைத் திருப்புவார்... தனியா இருக்கும்போது ஒரு தடவை கூட அது ஏமாத்தல. அதான் அவருக்கு எரிச்சலே. கெட்டுப் போனா கெட்டுப் போய்த் தொலையணும். நல்லாவும் இருந்து கெட்டும் இருந்தா என்னன்னு பிடிக்கறது?

அப்புறம்தான் அவர் சட்டத்தை எடுத்தார். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு. வண்டியில இனி எதையும் தொடப் போறதில்ல. ஆளை மட்டும்தான் மாத்தறது.

தனியா உக்காந்தா எடுக்குது. பொண்ணை நடுவுல உக்கார வெச்சார்... எடுக்குது. சித்தியை நடுவுல... எடுக்குது. நடுவுல பொண்ணு, ஓரத்துல சித்தி... டிக். நடு காலி, ஓரத்துல சித்தி மட்டும்... டிக்.

"அப்போ நான்தான் காரணமா?"ன்னு சித்தி சண்டைக்கு வந்துட்டாங்க.

"வெயிட்டும்மா, வெயிட்டு! அந்தப் பக்கம் பாரம் ஏறினா பாடி சாயுது, சாயும்போது அடியில எர்த் ஒயர் இழுக்குது. வேற ஒண்ணும் இல்ல!" கண்டுபிடிச்சுட்டார்ல, குரல்லயே கொண்டாட்டம். எர்த் ஒயரை நீளமா மாத்தினார். சித்தியை ஓரத்துல உக்கார வெச்சார். டிக்.

"இறங்கு." இடது ஓரத்துல டூல்ஸ் பெட்டியை வெச்சார். டிக். பெட்டியை எடுத்துட்டு ஒரு தலையணையை வெச்சார்.

டிக்.

தலையணைப்பா. தலையணைக்கு என்ன வெயிட்டு இருக்கும்? அதை எடுத்தார், திருப்பினார்... டம். வெச்சார்... டிக். எடுத்தார்... டம். சித்தப்பா சாவியிலேர்ந்து கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். இவ்வளவு நாளா வந்துட்டிருந்த கோவம் போய், அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துச்சு. இடது கதவு திறந்து கிடக்கு. வெளிய காத்து இல்ல, ஆள் இல்ல. ஆனா சத்தம் ஒண்ணு கேக்குது... ரொம்ப சன்னமா. யாரோ மூச்சு வாங்கற சத்தம். தூரத்துலேர்ந்து ஓடி வந்தவங்க குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாங்குவாங்களே... அந்த மாதிரி. கூடவே ஒரு வேர்வை வாசனை. வெயில்ல காஞ்ச தாரும் வேர்வையும் கலந்த வாசனை.

சித்தியோன்னு பாத்தார். சித்தி வீட்டு வாசப்படியில நிக்கிறாங்க.

அவர் அப்பவும் யார் கிட்டயும் சொல்லல. ஆம்பளை, அதுவும் ரிப்பேர் தெரிஞ்ச ஆம்பளை, எப்படிச் சொல்வார்? "சரி, ஒரு வேலை பண்ணலாம். முதல்ல ஸ்டார்ட் பண்ணிடறேன், அப்புறம் நீ ஏறி உக்காந்துக்கோ. ஓடற இன்ஜினை செல்ஃப் என்ன பண்ணும்?"னார். நல்ல யோசனைதான். ஸ்டார்ட் பண்ணினார். வண்டி உறுமிட்டு நிக்குது. சித்தி ஏறி ஓரத்துல உக்காந்தாங்க...

உக்காந்த வேகத்துல வெளிய குதிச்சுட்டாங்க. முட்டி சிராய்ச்சு ரத்தம்.

"என்னடி!"

சித்தி வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க, "சீட்டு இல்லைங்க அது. நான் யாரோட மடியிலயோ உக்காந்தேன்."

...

ஏய், யாரும்மா என் புடவையைப் பிடிச்சு இழுக்கறது? விடு. கசங்குது.

மறுநாள் காலையில சித்தப்பா இரும்புக் கடைக்குப் போனார். தனியாத்தான். இடது பக்கம் திரும்பிப் பாக்காம ஓட்டிட்டுப் போனார். போனதும் ஒத்தக் கிளவுஸ் சட்டையைப் பிடிச்சார்.

"எந்த வண்டியிலேர்ந்து கழட்டின? சொல்லு. ஆக்சிடென்ட் வண்டியா?"

"ஆக்சிடென்ட் எல்லாம் இல்ல. விடு, சொல்றேன்." ஒத்தக் கிளவுஸ் ஒரு டயர் மேல உக்காந்தார். "உன்ன மாதிரி ஒருத்தன். இதே மாடல் வண்டி. செல்ஃப் போயிடுச்சு, நாளைக்கு மாத்தலாம், நாளைக்கு மாத்தலாம்னு தள்ளித் தள்ளியே ஓட்டிட்டு இருந்திருக்கான். பொண்டாட்டி மாசமா இருந்தா. வலி எடுத்துடுச்சுன்னு கூட்டிட்டுக் கிளம்பியிருக்கான்... வழியில வண்டி நின்னு போச்சு. மத்தியான வெயில். ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. அவனே இறங்கித் தள்ளினா ஸ்டியரிங் யார் பிடிக்கிறது, அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவதான் இறங்கித் தள்ளியிருக்கா."

சித்தப்பா சட்டையை விட்டுட்டார்.

"இன்ஜின் பிடிச்சிடுச்சு. நிறுத்தினா மறுபடி நின்னுடுமேன்னு இவன் மெதுவா உருட்டிட்டே போறான். இடது கதவைத் திறந்து வெச்சிருக்கான், ஓடி வந்து ஏறிக்கட்டும்னு. 'வா, வா'ன்னு கத்தறான். கண்ணாடியில அவ ஓடி வர்றது தெரியுது. அப்புறம் தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்தைச் சொல்றது? ரோட்லயே சுருண்டு விழுந்தவ, வயித்துப் பிள்ளையோட போயிட்டா. நிறுத்தியிருக்கலாம். நின்னா நிக்கட்டும்னு நிறுத்தியிருக்கலாம். எல்லா காரியமும் முடிஞ்சப்புறம் போய் புது செல்ஃப் வாங்கி மாட்டியிருக்கான் அந்தக் கிறுக்கன். ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாத்துட்டு, வண்டியை அப்படியே இங்க கொண்டாந்து விட்டுட்டு நடந்து போயிட்டான்."

சித்தப்பா தன் வண்டியைத் திரும்பிப் பாத்தார். அதே தள்ளல், அதே திறந்த கதவு, அதே ஓட்டம். போன வாரம் சித்தி ஓடி வந்து ஏறினது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அவரும்தானே நிறுத்தல?

"இதைக் கழட்டிக் கொண்டாந்துடறேன்"னார். "புதுசு ரெண்டு நாள்ல வந்துடும். அதுவரைக்கும் யார் வண்டியையாவது கேட்டு வீட்டு வாசல்ல நிறுத்திக்கறேன்."

அது சரியான முடிவுதான். ஆனா அவர் வீட்டுக்குத் திரும்பி, சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போகக் குனிஞ்சார் பாருங்க... உள்ளேர்ந்து சித்தி கூப்பிடற சத்தம். பேரைச் சொல்லிக் கூப்பிடல, சும்மா ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தார். பொண்ணு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. பனிக்குடம் உடைஞ்சு தரை எல்லாம் தண்ணி.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டா வேற கேஸுக்குப் போயிருக்கு, காத்திருங்கன்னுட்டாங்க. டிராக்டர்காரர் போனை எடுக்கல. பொண்ணுக்கு வலி விட்டு விட்டு வந்தது போய், விடாம வர ஆரம்பிச்சாச்சு. வாசல்ல நிக்கிறது அந்த ஒரே வண்டி.

தாங்கிப் பிடிச்சுக் கொண்டு வந்து பொண்ணை நடுவுல உக்கார வெச்சார். சித்தி இடது கதவு கிட்ட வந்து நின்னாங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"நீ பின்னாடி ஏறு"ன்னார் சித்தப்பா.

சித்தி பின்னாடி பாரம் ஏத்தற இடத்துல, பழைய சாக்கு மேல ஏறி உக்காந்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. சித்தப்பா இடது கதவைச் சாத்தப் போனவர் நின்னார். அகலமாத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னார், கடைக்கு வந்த ஆளுக்குக் கதவைத் திறந்து விடற மாதிரி. கொஞ்ச நேரம்... அந்த மூச்சு வாங்கற சத்தம் கிட்ட வந்துச்சு. வண்டி லேசா அந்தப் பக்கம் சாஞ்சுது. சத்தம் வராம மெதுவா கதவைச் சாத்தினார்.

சாவி. டம். ஒரே தடவை.

குவாரி ரோட்ல எப்படி ஓட்டினார்னு அவருக்கே தெரியாது. இருட்டிடுச்சு. பக்கத்துல பொண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகறா. பாதி வழியில, கண்ணை மூடிக்கிட்டே சொன்னா, "அம்மா... விட்டுடாதே. இறுக்கிப் பிடிச்சுக்கோம்மா."

சித்தப்பா பின்னாடி கண்ணாடியைப் பாத்தார். சித்தி வெளிய, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, காத்துல முடி பறக்க உக்காந்திருக்காங்க. குனிஞ்சு பொண்ணோட இடது கையைப் பாத்தார். காலி சீட்டு மேல நீட்டியிருக்கு அந்தக் கை. விரல் நடுவுல எல்லாம் அமுங்கி வெளுத்துப் போயிருக்கு... யாரோ விரலோட விரல் கோத்துப் பிடிச்ச மாதிரி. அப்புறம் அவர் அந்தப் பக்கம் பாக்கல. ரோட்டை மட்டும் பாத்தார். மூச்சு சத்தம் மட்டும் ரெண்டு கேட்டுச்சு. பொண்ணோடது ஒண்ணு. அதுக்கு ஜோடியா, அதே தாளத்துல இன்னொண்ணு.

ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. பொண்ணைத் தூக்கி வெச்சு உள்ள தள்ளிட்டுப் போனாங்க. இடது கதவு திறந்தே கிடந்துச்சு. யார் திறந்தாங்கன்னு அந்த அவசரத்துல யார் பாத்தா?

சுகப் பிரசவம். பெண் குழந்தை. தாயும் சேயும் நல்லா இருக்காங்கன்னு நர்ஸ் வந்து சொன்னதும் சித்தப்பா அங்கேயே சுவத்துல சாஞ்சு உக்காந்து விக்கி விக்கி அழுதார். இத்தனை நாள் அந்த மோட்டாரைத் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் வந்து, மனசுக்குள்ள அதுக்கு ஒரு நன்றி கூட சொன்னாராம். யாரா இருந்தா என்ன, கடைசியில கை கொடுத்தது அவதானேன்னு.

இங்கயே முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். நானும் உங்களைத் தூங்க விட்டுடுவேன்.

வீட்டுக்கு அனுப்பற அன்னைக்குக் காலையில நல்ல வெளிச்சம். சித்தப்பா வண்டியை ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு வந்து நிறுத்தினார். பொண்ணு குழந்தையோட நடுவுல ஏறினா. பைகளைப் பின்னாடி போட்டாங்க. சித்தி நாள் கணக்கா தூங்காத அசதி, ஞாபகமே இல்லாம வந்து இடது ஓரத்துல உக்காந்து கதவைச் சாத்திட்டாங்க. சித்தப்பாவும் பேத்தியைப் பாத்துக்கிட்டே பழக்க தோஷத்துல சாவியைத் திருப்பினார்.

டம். ஒரே சாவி.

சிரிச்சுக்கிட்டே கியர் மேல கை வெச்சவர்... அப்படியே நின்னார். திரும்பிப் பாத்தார். சித்தி ஓரத்துல. சாஞ்சு உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு.

"ஏங்க, சரியாயிடுச்சு!"ன்னாங்க சித்தி, அப்பதான் உறைச்சு. சீட்டைத் தட்டிப் பாத்தாங்க. "வெறும் சீட்டுதாங்க. ஒண்ணுமே இல்ல!"

சித்தப்பா வண்டியை அணைச்சார். திருப்பினார். டம். அணைச்சார். டம். அணைச்சார். டம். இத்தனை நாள் எந்த சத்தத்துக்காகத் தலைகீழா நின்னாரோ, அதே சத்தம். ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் அவர் முகத்துல ரத்தம் வத்திக்கிட்டே போச்சு. "டிக்குனு சொல்லு"ன்னு ஸ்டியரிங்கைக் குத்தினார். "ஒரு தடவை டிக்குனு சொல்லித் தொலையேன்!"

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? அதான் எடுக்குதே!"

"இறங்கு"ன்னார் சித்தியைப் பாத்து.  சுத்தி வந்து இடது கதவை முழுசாத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னார். பின்னாடி வந்த கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான். வாட்ச்மேன் விசில் ஊதறான், "வண்டியை எடுய்யா"ன்னு. அவர் நகரல. ஆஸ்பத்திரி வாசலைப் பாத்துக்கிட்டு, சன்னமா, பக்கத்துல நிக்கற சித்திக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்றார்...

"ஏறிக்கம்மா. வண்டி நிக்குது பாரு. நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். அவசரமே இல்ல... மெதுவா வந்து ஏறிக்கம்மா."

கதவு திறந்தே இருக்கு. வண்டி அசையல. மூச்சு சத்தம் இல்ல. வெயில் சீட்டு மேல விழுந்து கிடக்கு, அவ்வளவுதான்.

அப்போ வண்டிக்குள்ளேர்ந்து பொண்ணு கூப்பிட்டா.

"அப்பா, பாப்பாவைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க. கை கடுக்குது."

நீட்டினா. சித்தப்பா கதவை விட்டுட்டு ரெண்டு கையாலயும் வாங்கினார். பீரோவையும் கட்டிலையும் தனி ஆளா இறக்கிப் பழகின கை அது.

வாங்கினதும் கை ரெண்டும் இடுப்புக்குக் கீழ இறங்கிடுச்சு. தூக்க முடியல அவரால, ஒரு முழு ஆளோட கனம். முட்டி போட்டு ரோட்லயே உக்காந்துட்டார்.

"நேத்து வரைக்கும் இவ்வளவு கனம் இல்லப்பா"ன்னா பொண்ணு.